வியாழன், ஏழு முதல் பத்து

நோர்ஷோப்பிங் நகரத்து டிராம் நிறுத்தங்களில்
அன்று மாலை ஐந்தே முக்காலிலிருந்து
எல்லாப் பலகையும் ஒரே பொய்யைச் சொன்னது:
அடுத்த வண்டி இரண்டு நிமிடத்தில்.
வண்டிகள் வந்தன, போயின.
பலகைக்கு மட்டும் இன்னும் இரண்டு நிமிடம்.
பிப்ரவரிக் குளிரில் யாரோ
கையுறையைக் கழற்றிக் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாராம்.

பிழைச் செய்தி இல்லை. கணினி சூடாகவும் இல்லை.
நொறுங்கி விழும் நிரல் எனக்குப் பிடிக்கும்,
எங்கே வலிக்கிறதென்று கத்திவிடும்.
இது வாயை மூடிக்கொண்டு நின்றது.
உள்ளே இரண்டு இழைகள்.
ஒன்று அட்டவணையைப் பூட்டிக்கொண்டு
வண்டி எங்கே என்று கேட்டது.
மற்றது வண்டியைப் பூட்டிக்கொண்டு
அட்டவணை எங்கே என்று கேட்டது.
விடாக்கண்டன், கொடாக்கண்டன்.
இரண்டுமே மரியாதை தெரிந்தவைதான்:
பிடுங்கவில்லை, தள்ளவில்லை,
கேட்டுவிட்டுக் காத்திருந்தன.
மின்சாரம் உள்ளவரை காத்திருக்கும்.

நிரலைக் கொன்று எழுப்பினேன். பலகைகள் உண்மை பேசின.
மயங்கியவன் முகத்தில் தண்ணீர் தெளிப்பது
வைத்தியம் ஆகாது.

இரவு அழுக்குக்கூடையோடு நிலவறைக்கு இறங்கினேன்.
எங்கள் கட்டடத்தில் இருபத்திரண்டு வீடு, ஒரு சலவை அறை.
வீட்டுக்கு இரண்டு பூட்டுருளை.
ஒன்றைப் பலகையில் வேண்டிய நேரத்தின் துளையில் செருகித் திருகினால்
அந்த நேரம் உங்களுடையது.
இன்னொன்று உலர்த்தும் அலமாரிக்கு.
உங்கள் சாவிதான் கழற்றும்.
வியாழன், ஏழு முதல் பத்து: எண் பதினான்கு.
மூன்று வாரமாக எண் பதினான்கு.
அலமாரியிலும் பதினான்கு.
கதவில் நாலைந்து சீட்டுகள், ஒவ்வொன்றும்
முந்தையதைவிடக் கொஞ்சம் கூடுதல் பணிவாக,
அதாவது கூடுதல் கோபமாக.
ஐந்தாவது என்னுடையது.

மூன்றாம் மாடி யோர்டிஸ் சொன்னாள்:
டோர்க்கெல் அந்த வியாழனே விழுந்துவிட்டார்,
ஏழு இருபதுக்கு, இந்தப் படியில்தான்.
இடுப்பெலும்பு.
பின்கட்டுக் கதவு வழியாகத் தூக்கிப் போனார்கள்.
உயிரோடிருக்கிறார், லின்ஷோப்பிங்கில்.
சாவி அவர் கால்சட்டைப் பையில்.
கால்சட்டை எங்கேயோ.

என் சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள், பூட்டும் வரிக்கும் திறக்கும் வரிக்கும் நடுவே
எத்தனை வாசல் என்று எண்ணினேன். ஐந்து.
நான்கில் திறந்துவிட்டுத்தான் வெளியேறுகிறோம்.
ஐந்தாவது, வண்டி எண் காலியாக வந்தால்
சட்டென்று திரும்பிப் போகும் ஒரு வரி.
நேற்றைய முடக்கம் அதனால் இல்லை;
அது தன் வியாழனுக்காகக் காத்திருந்தது.
எழுதியது யார் என்று பார்த்தேன்.
இல்வா சண்டெலின், ஆறு வருடம் முன்பு.
நான்தான்.

பக்கத்து மேசை ஷீலான் கேட்டாள்,
முப்பது நொடி பார்த்துவிட்டுப்
பூட்டை உடைத்துவிட்டால் என்ன?
உடைக்கலாம்.
உள்ளே பாதி எழுதி நின்றதை
யார் எழுதி முடிப்பது?

மாற்றினேன். எல்லா இழைக்கும் ஒரே வரிசை:
முதலில் அட்டவணை, பிறகு வண்டி,
எவ்வளவு அவசரமானாலும்.
கையில் பூட்டோடு தூரத்துக் கணினியிடம்
பேசப் போகக் கூடாது.
பூட்டை அறையோடே கட்டிவிட்டேன்:
நடந்து வெளியேறினாலும், விழுந்தாலும்,
பின்கட்டு வழியே தூக்கிச் செல்லப்பட்டாலும்
அது தானே திறந்துகொள்ளும்.

சனிக்கிழமை காவலாளி ரூனே
பெரிய சாவியோடு வந்து அலமாரியைத் திறந்தார்.
புளித்த வாடை. நான்கு சட்டை, ஒரு மேசைவிரிப்பு,
ஈரமாகவே மடங்கி, காலரில் பச்சை பூத்து.
உலர்த்தும் பொத்தானை அழுத்தக்கூட அவருக்கு நேரமிருந்திருக்கவில்லை.
ரூனே மூக்கைப் பொத்திக்கொண்டு
இனி காலிதானே என்றார்.

பத்து மணி என் நேரம்.
முதலில் அவர் சட்டைகளைப் போட்டேன், அறுபது பாகையில்.
என் கூடை வாசலில் காத்திருந்தது,
எதையும் பிடித்துக்கொள்ளாமல்.